சிறுதேர் நிற்கும் சிறுநிலையம்

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் ஆண்பாற் பிள்ளைக்கு வகுத்த பத்துப் பருவங்களுள் இறுதியானது சிறுதேர்ப் பருவம். சிற்றிலைச் சிதைத்துச் சிறுபறை முழக்கிய பிள்ளை அதன்பின்னரே தேருருட்ட வருகின்றான். இவ்விளையாட்டைச் சங்கத்தாரும் அறிவர். பட்டினப்பாலையிலே காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர் குதிரை பூட்டாது உருட்டும் மூன்றுருளைத் தேரொன்று வருகின்றது. குறுந்தொகையிலே தும்பிசேர் கீரனார் என்னும் புலவர், தச்சன் செய்து கொடுத்த சிறு தேரை உவமையாக்கினார். அதன்மீது ஏறிச் செல்லல் இயலாதெனினும் கையால் இழுத்தே இளையோர் இன்புறுவர் என்பது அங்கு அவர் கூறும் செய்தி. தேரைப் பாடிய புலவர் இத்துணைப் பேர் இருக்க, அத்தேர் வந்து நிற்பதற்கு ஒரு தேர்முட்டி கட்டிப் பாடியவரை நான் இதுகாறும் கண்டிலேன்.

இக்காலத்துச் சிறுதேர் விளையாட்டுப் புகையிரதம். ஜேர்மனியின் மார்க்கிளின் நிறுவனத்தார் 1891ஆம் ஆண்டில் லைப்சிக் நகரச் சந்தையிலே, தண்டவாளமும் வண்டியும் தம்முட் பொருந்தும் அளவுகளை வகுத்து இதனை ஓர் ஒழுங்கிற் கொணர்ந்தனர். இங்கிலாந்திலே ஹோண்பி என்னும் பெயர் தாங்கி மேசைமீது ஓடும் சிறிய மின்வண்டி 1938இல் வெளிவந்தது. அன்றுதொட்டு மேனாடுகளில் முதியோரும் இதில் ஈடுபட்டனர். வண்டி கடையில் விலைக்கு வரும். அது நிற்கும் நிலையத்தைச் செய்வதே கலை. கடைகளிலே அட்டைப் பெட்டிகளில் அடைத்து விற்கும் நிலையங்களும் உண்டு. ஆயின் அவை ஆங்கில நாட்டுச் செங்கற் கட்டடங்கள், அன்றேல் ஜேர்மனிய மலையூர்க் கட்டடங்கள். வாவிக்கரைப் பாதையிலுள்ள நிலையமொன்று பெட்டியிலே கிடைக்க நான் பார்த்ததில்லை. வேண்டுமாயின் நாமே செய்துகொள்ளல் வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் பாடசாலைக் கண்காட்சிக்கென உயர்வகுப்பு மாணவர் சிலர் இதனைச் செய்ய முன்வந்தனர். அவர்கள் தேர்ந்தது ஏறாவூர் நிலையம். மின்விளக்கு வேலையை விஞ்ஞான ஆசிரியர் பார்த்துக்கொண்டார். தமிழாசிரியனாகிய எனக்கு அங்கு என்ன அலுவல் என்று சிலர் வினவினர். பெயர்ப்பலகை எழுதுவதற்கு என்றேன். அதுவே போதிய அலுவலாயிற்று என்பதைப் பின்னர்க் கூறுவேன்.

முதலில் அளவு. ஓர் அடிக்கு 4 மில்லிமீற்றர் என்னும் திட்டத்தை மாணவர் கைக்கொண்டனர். இது மெய்யளவின் எழுபத்தாறில் ஒரு பங்கு. இங்கிலாந்திலே பெருவழக்காயுள்ள அளவு. ஏழடிக் கதவு 28 மில்லிமீற்றராகும். ஐந்தரை அடி மனிதன் 22 மில்லிமீற்றர். சுண்டுவிரலின் நகத்தைக் காட்டிலும் உயர்ந்தவன். எட்டாத உயரங்களை அளக்க ஏணி வேண்டியதில்லை. அனுமதி பெற்று நிலையத்துக்குச் சென்றவர்கள், அடி குறித்த கம்பொன்றைச் சுவரோரம் நிறுத்தி நேர் எதிரே நின்று படமெடுத்தனர். கம்பின் நீளம் தெரியுமாகையால் கூரையின் உயரமும் சாளரத்தின் அகலமும் படத்திலிருந்தே கணக்கிற் கிடைத்தன.

தண்டவாளத்தில் வந்தது முதற் சிக்கல். இலங்கையின் அகலப்பாதை இரு தண்டவாளங்களுக்கு இடையே ஐந்தரை அடி கொண்டது. நமது திட்டப்படி அது 22 மில்லிமீற்றர். கடையில் விற்கும் தடமோ 16.5 மில்லிமீற்றர், கணக்குப் பார்த்தால் சரியாக முக்காற் பங்கு. அதை வாங்கிப் பொருத்தினால் மட்டக்களப்புக்கு வரும் பாதை ஏதோ தோட்டத்து ஒடுக்கப் பாதைபோலத் தோன்றும். பார்ப்போர்க்குக் காரணம் தெரியாது. ஆயினும் கண்ணுக்கு ஒவ்வாது. ஒரு மாணவன் ஐஸ்பழக் குச்சிகளை வெட்டிச் சிலிப்பர்க்கட்டைகளாக்கி, 22 மில்லிமீற்றரிலே தானே தடம் அமைத்தான். பாதை அழகாய் அமைந்தது. ஆனால் கடையில் வாங்கிய எஞ்சின் அதில் ஓடாது. எஞ்சினை விடுவதா, அகலத்தை விடுவதா என இரு நாள் வழக்காடிப் பின் எஞ்சினின் ஓட்டத்தை விட்டனர். அச்சை நீட்டிச் சக்கரங்களை அகற்றி, வண்டியை நூல் கட்டிக் கையால் இழுப்பதென முடிவாயிற்று. கீரனார் இருந்திருப்பின் மகிழ்ந்திருப்பார்.

பொருள்களுக்கு அயலூர் செல்ல வேண்டியிருக்கவில்லை. சுவர் தடித்த அட்டை. தென்னோலை ஈர்க்கின் தடிப்பு ஏறத்தாழ 2 மில்லிமீற்றர். நமது திட்டத்தில் அது அரையடிக் கம்பமாகும். வேலிக் கட்டையும் விளக்குக் கம்பமும் ஈர்க்கே. பாதையிற் பரப்பும் சல்லிக்குக் கடல்மணலை எடுக்கலாகாது. உப்பு உலோகத்தை அரிக்கும். மேலும் புல்மோட்டையிற் காண்பதுபோன்ற கரிய மணல் நம் கிழக்குக் கரையிற் கலந்துள்ளது. அதில் காந்தம் கவரும் மணிகள் உண்டு. மின் எஞ்சின் ஓட்டுவோர் காந்தத்தை மணலின்மேல் ஒருமுறை இழுத்துவிட்டே பயன்படுத்தல் நன்று. தூரத்தே வாவி தெரிதல் வேண்டுமென ஒருவன் விரும்பினான். கண்ணாடித் தகட்டின் அடிப்புறத்திற் கரும்பச்சையும் சாம்பலும் கலந்து தீட்டிவைத்தான். மேற்புறத்தில் தீட்டுவதிலும் அடிப்புறத்தில் தீட்டுவதே நீரின் ஆழத்தைக் காட்டுகின்றது.

எல்லாவற்றையும் எழுபத்தாறில் ஒன்றாகச் சுருக்கினாற் போதும் என்று எண்ணுவோர் மேசையை அளந்து பார்த்தாரல்லர். அறுநூறு அடி மேடை இரண்டு மீற்றரையும் தாண்டி நாற்பது சென்ரிமீற்றர் நீளும். ஏறாவூருக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ 15 கிலோமீற்றரை அதே திட்டத்தில் அமைத்தால் இருநூறு மீற்றர் வேண்டும். எங்கள் விளையாட்டு மைதானமும் போதாது. ஆகவே கட்டடத்தைக் குறையாமல் வைத்து மேடையைக் குறுக்கினர். எதைச் சுருக்கலாம், எதைத் தொடலாகாது என்பதை அறிவதே இங்குத் திறம். வாயிலையும் இருக்கையையும் பெயர்ப்பலகையையும் சுருக்கினால் நிலையம் பொம்மையாகிவிடும்; மேடையை அரைவாசியாக்கினாலும் ஒருவரும் கண்டுபிடியார்.

இனிப் பெயர்ப்பலகைக்கு வருவோம். பலகையில் ஆறங்குல எழுத்து எனின் மாதிரியிலே இரண்டு மில்லிமீற்றர். எழுதுமுன் நான் மாணவரைக் கேட்டேன்: ‘இந்நிலையம் எந்த ஆண்டில் நிற்கின்றது?’ அவர்கள் விழித்தனர். நிலையம் ஏறாவூரில் நிற்கின்றது என்பதன்றி ஆண்டிலும் நிற்கும் என்பது அவர்களுக்குப் புதிதாயிருந்தது. காரணம் இதுதான். ‘ஏறாவூர்’ என்பதிலுள்ள ‘றா’ முன்னர் இவ்வடிவில் எழுதப்படவில்லை. எழுத்தோடு ஒட்டிச் சுழிந்த காலுடன் எழுதப்பட்டது. ‘வாழைச்சேனை’யிலே ஈற்று எழுத்தும், ‘வந்தாறுமூலை’யிலே ஈற்று எழுத்தும் யானைத் துதிக்கை போன்ற மேல்வளைவு கொண்டிருந்தன. இப்பொழுதுள்ள வடிவங்களைத் தமிழ்நாட்டரசு 1978இல் ஆணையிட்டு வழக்கிற் கொணர்ந்தது. இலங்கையிலும் பின்னர் அவை பரவின. கல்குடாவுக்கும் மட்டக்களப்புக்கும் இத்தொல்லையில்லை. அப்பெயர்களில் மாறிய எழுத்து யாதுமில்லை. ஆகவே 1960ஆம் ஆண்டின் நிலையத்திலே இன்றைய ‘றா’வை எழுதிவிட்டால் அது பிழைபட்ட நிலையம். சுவரும் கூரையும் எவ்வளவு சரியாயிருந்தும் பயனில்லை.

ஆண்டு என்ற ஒன்றைக் கேட்டதும் அனைத்தும் கிளறப்பட்டன. மட்டக்களப்பை இருப்புப்பாதை எட்டியது 1928இல். கனடாவிலிருந்து டீசல் எஞ்சின்கள் இலங்கைக்கு வந்தது 1954இல். அதற்கு முந்திய ஆண்டாயின் புகைபோக்கி கொண்ட நீராவி எஞ்சினே பெரும்பாலும் நிற்றல் வேண்டும். வாழைச்சேனைக் காகித ஆலை ஐம்பதுகளில் எழுந்தது. அதன்முன் அவ்வாலைக்கு வைக்கோல் ஏற்றிய வண்டியைக் காட்டலாகாது. 1978 நவம்பர் 23ஆம் நாட் சூறாவளி மட்டக்களப்பின் தென்னஞ்சோலைகளைச் சாய்த்தது; ஆகவே அதற்கு அடுத்த ஆண்டெனின் நெடுந்தென்னைகளை அடர்ந்து நிற்க வைத்தல் பொருந்தாது. வந்தாறுமூலையைச் செய்வோர் 1986க்கு முன் கிழக்குப் பல்கலைக்கழகம் என்ற பலகையை நாட்டலாகாது. மனம்பிட்டியிலே மகாவலியின் மேலுள்ள இரும்புப் பாலத்தில் புகையிரதமும் தெருவண்டியும் முறைவைத்துச் சென்றன. தெருவுக்கெனப் புதுப்பாலம் திறந்தது 2007இல். இவற்றையெல்லாம் பாடப்புத்தகத்தில் தேடி எடுத்தவர்கள் அல்லர் மாணவர். வீட்டிலே கேட்டு வந்தனர். ஒருவனுடைய பாட்டனார் புகையிரதப் பகுதியில் வேலைபார்த்து ஓய்ந்தவர். கைகாட்டியின் பச்சைக் கண்ணாடி உண்மையில் நீலங்கலந்தது என்று அவர் சொல்லித்தான் நாங்கள் அறிந்தோம். மண்ணெண்ணெய்ச் சுடர் மஞ்சள் நிறத்தது. நீலக் கண்ணாடியூடே அது பச்சையாகத் தோன்றும். எங்கள் சிறு விளக்கோ வெண்மையானது. அதன்மேல் மஞ்சட் கடதாசி சுற்றிய பின்னரே கைகாட்டிக்குச் சரியான பச்சை வந்தது.

மறைந்த ஒன்றை அளந்து கணித்து மீளச் செய்தல் இப்பகுதியார்க்குப் புதிய தொழிலன்று. காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர், விஞ்ஞானம் கற்பித்தவர். வழக்கொழிந்த யாழை நூற்சான்றும் கணக்கும் கொண்டு மீட்டார். அவருடைய ‘யாழ் நூல்’ 1947இல் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியபோது அவர் ஆய்வின்படி செய்யப்பெற்ற யாழ்கள் ஒலித்தன. அது கடல்; இது கிணறு. எனினும் இரண்டினும் உள்ளது ஊகத்தை அளவுக்கு உட்படுத்தும் நேர்மை.

தொல்காப்பியர் வகுத்த முதல், கரு, உரி என்னும் மூன்றையும் நான் வகுப்பிலே பல்லாண்டு கற்பித்தவன். அந்த மேசையருகில் நின்றபோது அவை புதிதாய் விளங்கின. நிலமும் பொழுதும் முதற்பொருள். வாவியும் வயலும் அடுத்தடுத்துக் கிடக்கும் இப்பகுதியில் நெய்தலும் மருதமும் கலந்து நிற்கும்; நிலத்தைத் தேர்ந்தாயிற்று. பொழுது? மாரிப்போக அறுவடை முடியும் மாசி மாதமெனின் மேடையில் நெல்மூட்டைகள் இருக்கும். மார்கழியெனின் பாதையோரம் நீர் தேங்கியிருக்கும். ஆவணியெனின் புல் காய்ந்து மஞ்சளாயிருக்கும். சிறுபொழுதும் வேண்டும். கொழும்பிலிருந்து இரவிற் புறப்படும் வண்டி கீழ்த்திசைக்கு வந்து சேர்வது வைகறையில். மருதத்துக்கு உரிய பொழுதும் அதுவே. மாணவர் மாசி மாதத்து வைகறையைத் தேர்ந்தனர். கருப்பொருள் எளிது: மூட்டை, தண்ணீர்த் தாங்கி, காகம், நெற்பொரி தேடும் ஆடு, ஒற்றைப் பாதையில் வண்டி செல்ல உரிமை தரும் தகடிட்ட வளையம். உரிப்பொருளே கடினம். நிலையத்தின் உரிப்பொருள் பிரிவும், வருவாரை எதிர்நோக்கி இருத்தலும் என்பேன். அதை 22 மில்லிமீற்றர் மனிதர் எவ்வாறு காட்டுவர்? முகம் தீட்டுதல் வீண். நிற்கும் முறையே போதும். வண்டி வரும் திசையை நோக்கி நிற்பவர் எதிர்நோக்குவோர். வண்டியை நோக்கி நிற்பவர் வழியனுப்புவோர். இவ்வளவே. ஏறாவூர் மேடையிலே தமிழரும் முஸ்லிம்களும் ஒருங்கு நிற்பர். அவ்வளவு சிறிய உருவத்தில் வேறுபாடு தொப்பியால் மாத்திரமே தெரிந்தது. மூட்டைகளும் கைக்குழந்தைகளும் ஒரே அச்சில் வார்த்தவை.

காட்சிக்கு வைக்கும் முறை பற்றிச் சில சொல்ல வேண்டும். கீழே தாழ்வான மேசையில் வைத்துவிட்டால் பார்ப்போர் கண்பது கூரையை மட்டுமே. பருந்துக்கு அது போதும். நான்கடி உயரத்தில் வைத்துக் குழந்தைகளுக்கு வாங்கு போட்டால் மேடையில் நிற்பவனுடைய பார்வை கிட்டும். பாதையின் முடிவை மறைப்பது அடுத்த வேலை. சிரில் பிரீசர் என்பார் 1957இல் வெளியிட்ட ‘மைனோரிஸ்’ என்னும் வரைவு இத்துறையிற் பெயர்பெற்றது: பாதை முடியும் நிலையமொன்று கண்முன் இருக்கும்; வண்டிகள் வெளிப்படும் மறுமுனை திரைக்குப் பின்னால் இருக்கும். ஆங்கிலேயர்க்கு இது புதிய உத்தி. மட்டக்களப்பார்க்கோ கூத்துக் களரியிற் பழகியதொன்று. வேடதாரி துணி மறைப்பின் பின்னே வந்து நின்று, துணி விலகியதும் வரவு ஆடுகின்றான். எங்கள் வண்டியும் தென்னந்தோப்பு தீட்டிய திரையின் பின்னிருந்து நூலின் வழியே வரவு ஆடிற்று. மத்தளம் மாத்திரம் இல்லை.

பெரிய காட்சிகளைப் பற்றி மாணவர் என்னிடம் கேட்பதுண்டு. ஹம்பேர்க் நகரிலே பழைய பண்டசாலைக் கட்டடத்தில் 2001 முதல் நடைபெறும் மாதிரி உலகம் மலைகளையும் நகரங்களையும் விமான நிலையத்தையுங்கூடக் கொண்டது. இந்தியாவிலே புனே நகரத்துப் பாவுசாகேப் ஜோஷி என்பவரின் பொழுதுபோக்கு 1998இல் ஒரு காட்சிக்கூடமாயிற்று. இவை திருவிழாக்கள், பார்த்து வியக்கலாம். எனக்கு உவப்பானது வேறொன்று. ஆஸ்திரேலியாவிலிருந்து 1925இல் இங்கிலாந்துக்கு வந்த ரோய் இங்கிலன்ட் என்னும் இளைஞர், தாம் கண்ட கிராமத்து வீடுகள் கூரை மாறியும் இடிபட்டும் போவதைக் கண்டு, எஞ்சியவற்றை அளந்து அதே எழுபத்தாறில் ஒரு பங்கிற் செய்யத் தொடங்கினார். பின்னர் அது பென்டன் காட்சிச்சாலையாக வளர்ந்தது. அங்குள்ளது முப்பதுகளின் காலம்; அது மாறுவதில்லை. ஹம்பேர்க்கை ஒரு பெருங்காப்பியம் என்றால் பென்டனை உரைநூல் எனலாம். உரையாசிரியர் இல்லாவிடின் மூலம் எத்தனை நாள் நிற்கும்?

ஏறாவூர் மாதிரியை 1960இல் நிறுத்துவதெனப் பலர் உடன்பட்டனர். ஒரு மாணவன் உடன்படவில்லை. ‘நல்ல காலத்தை மட்டும் செய்வானேன்?’ என்றான். போர்க்காலத்திலே ஆண்டுக்கணக்காக வண்டி மட்டக்களப்பை எட்டாதிருந்த நாட்கள் உண்டு. அந்நாட்களிற் பிறந்து வளர்ந்தோர் புகையிரதத்தைப் படத்தில் மாத்திரம் கண்டனர். அவனுடைய தந்தையார் அவர்களுள் ஒருவர். கண்காட்சிக்கு அது தகாது என ஆசிரியர் ஒருவர் கருதினார். பார்க்க வருவோர் மனம் நோகும் என்பது அவர் வாதம். நான் மாணவன் பக்கம் நின்றேன். எந்த ஆண்டையும் தேரலாம் என்று கற்பித்துவிட்டு, சில ஆண்டுகள் மாத்திரம் விலக்கு என்று கூறுதல் எவ்வாறு முறையாகும்?

அவன் தனியே ஒரு சிறு பலகையிற் பாதையின் ஒரு துண்டை மட்டும் செய்தான். கட்டடமில்லை, மனிதரில்லை. அவ்வேலையில் நான் கற்றுக்கொண்டது ஒன்று. ஓடும் பாதையின் தண்டவாளத்துக்குப் பக்கங்களில் துருநிறம் தீட்டினாலும் மேல்முகத்தைத் தீட்டாமல் விடவேண்டும். சக்கரம் தேய்த்துத் தேய்த்து அது வெள்ளிபோல் மின்னும். வண்டி வாராத பாதையில் மேல்முகமும் துருவேறும். ஆகவே 1960ஆம் ஆண்டின் பாதைக்கும் அவன் செய்த பாதைக்கும் உள்ள வேறுபாடு தூரிகையின் ஒரு கோடு. அத்துடன் சிலிப்பர்க்கட்டைகளுக்கு இடையே கொஞ்சம் புல். இரு பலகைகளையும் அடுத்தடுத்து வைத்தோம். நிலையத்தின் முன்னே குழந்தைகள் கூட்டமாய் நின்று நூலை இழுத்தனர். மற்றதன் முன்னே நின்றோர் நடுவயதினர். அங்குப் பேச்சுக் குறைவு. ஒருவர் குனிந்து விரலால் அத்தண்டவாளத்தைத் தடவிப் பார்த்து, ‘நான் பள்ளிக்கூடம் போன காலம்’ என்று மாத்திரம் கூறிச் சென்றார். மனம் நொந்ததாக ஒருவரும் முறையிடவில்லை.

நாட்டின் முழுப் புகையிரத வரலாற்றுக்கென 2014இல் கடுகண்ணாவையிலே காட்சிச்சாலையொன்று திறக்கப்பட்டது. பழைய எஞ்சின்களை அங்குக் காணலாம். எஞ்சினைக் கொண்டுசென்று வைக்க இயலும். ஒரு சிறு நிலையத்தை அதன் வாவியோடும் வயலோடும் பெயர்த்துச் செல்ல இயலாது. அதனை அவ்வூரவர் தாம் இருக்குமிடத்திலேயே அளந்து வைத்தல் வேண்டும். வர்ணம் புதிதாய்ப் பூசப்படுகின்றது, இருக்கை மாற்றப்படுகின்றது, பழைய எழுத்துள்ள பலகை ஒருநாட் காணாமற் போகின்றது. கைகாட்டிக் கண்ணாடியின் நீலத்தைச் சொல்லக்கூடிய பாட்டன்மாரும் வரவரக் குறைகின்றனர்.

இவ்வாண்டு மாணவர் புனானையைச் செய்யப் புறப்பட்டிருக்கின்றனர். புணாணை என எழுதுவாரும் உளர். எவ்வாறு எழுதினும் பழைய பலகைக்குப் பழைய வடிவங்கள் இரண்டு வேண்டும். அங்கும் ஆண்டுப் பூசல் வந்துவிட்டது. புனானையென்றதும் ஆட்கொல்லிச் சிறுத்தையே அவர்கள் நினைவுக்கு வருகின்றது. குறைந்தது பன்னிருவரைக் கொன்ற அவ்விலங்கை ஷெல்டன் ஏகர் என்பவர் 1924இல் சுட்டார்; அதன் பாடம் செய்த உடல் கொழும்பு நூதனசாலையில் உண்டு. சிறுத்தை நிலையத்தின் அருகே பதுங்கியிருக்க வேண்டும் என்பது சிலர் ஆசை. 1924இலே பாதை மட்டக்களப்பை இன்னும் எட்டவில்லை என்று நான் ஆண்டைச் சுட்டிக் காட்டினேன். சிறிது நேரம் பேசாதிருந்த ஒருவன், ‘அப்படியானால் பாதை போடும் வேலையைச் செய்வோம் சேர், மண்மேடும் கட்டைகளும் மட்டும், தண்டவாளம் வேண்டாம்’ என்றான். அளவுநாடாவை அவர்களிடம் கொடுத்திருக்கின்றேன்.